நடுக்களத்தைப் பிடித்தவன் ராஜா!

கால்பந்துப் பந்தயம் முடிகிறது. கூட்டம் கலைகிறது. தெருவெல்லாம் ஒரே பேச்சு. "கோல் போட்டானே, அவன் யார்?" என்று கேட்கிறார்கள். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்தப் பந்தை அவன் காலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் யார்? அவனை யாரும் கேட்பதில்லை. அவன் மூலையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்!

வீட்டிலும் இதே கதைதான். பையன் விளையாடிவிட்டு வருகிறான். "எத்தனை கோல் போட்டாய்?" என்று அப்பா கேட்கிறார். "ஒன்றும் போடவில்லை" என்று பையன் தலையைக் குனிகிறான். அப்பாவின் முகம் சுருங்குகிறது. அந்தப் பையன் ஆட்டம் முழுவதும் நடுக்களத்தில் நின்று, எதிரிகளின் பந்தைப் பத்துத் தடவை பறித்திருக்கலாம். அதை யார் எண்ணினார்கள்?

இது தவறு என்கிறோம். கோல் விழுவது கம்பத்துக்கு அருகில். ஆனால் பந்தயத்தின் தலைவிதி எழுதப்படுவது பெரும்பாலும் நடுக்களத்தில்.

நடுவில் என்ன இருக்கிறது?

பெரிய கால்பந்து மைதானம் சுமார் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் இருக்கும். கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள அகலமோ 7.32 மீட்டர்தான். அதுவும் எங்கே இருக்கிறது? கோட்டின் நடுவில் இருக்கிறது. பந்து எந்த ஓரமாகச் சுற்றி வந்தாலும், கடைசியில் நடுவுக்குத்தான் வந்தாக வேண்டும்.

ஓரத்தில் ஓடுகிறவனைப் பாருங்கள். அவனுக்கு ஒரு பக்கம் சுண்ணாம்புக் கோடு. அதைத் தாண்டினால் பந்து வெளியே போய்விடும். ஆகவே அவனை மடக்க ஓர் ஆள் போதும். சில சமயம் கோடே மடக்கிவிடும்!

நடுவில் நிற்பவன் அப்படியல்ல. அவனுக்கு நான்கு திசையும் திறந்திருக்கிறது. முன்னே கொடுக்கலாம். பின்னே கொடுக்கலாம். இடம், வலம் எங்கும் தள்ளலாம். எங்கே தள்ளப்போகிறான் என்பது எதிரிக்குத் தெரியாது. தெரியாதவன் தயங்குவான். அவன் தயங்கும் அரை வினாடியில் பந்து போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. பந்து ஓடும் வேகத்தில் மனிதன் ஓட முடியாது. நடுவில் நிற்பவன் பந்தை இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை தள்ளினால், எதிரிகள் பதினொரு பேரும் அங்கும் இங்கும் அலைய வேண்டும். அலைபவனுக்குத்தான் மூச்சு வாங்கும். கடைசிக் கால் மணியில் அவன் கால் பின்னும்.

1953 நவம்பர் 25

சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதற்காக, நடந்த கதை ஒன்றைச் சொல்கிறோம்.

லண்டனில் வெம்பிளி என்று ஒரு மைதானம். 1953-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி அங்கே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் திரண்டிருந்தார்கள். இங்கிலாந்தும் ஹங்கேரியும் மோதின. ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்த எந்தக் கோஷ்டியும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் தோற்கடித்ததில்லை. கால்பந்துக்குச் சட்டம் எழுதியவர்களே நாங்கள்தானே என்ற பெருமை ஆங்கிலேயருக்கு. ஹங்கேரியோ முந்தைய ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கிய கோஷ்டி.

அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களின் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே அவர் எங்கே ஆடுவார் என்று சொல்லிவிடலாம். 9-ம் எண் என்றால் சென்டர் பார்வர்டு. எதிரியின் கோலுக்கு முன்னால் நிற்பவர். அவரைக் காவல் காப்பது 5-ம் எண்காரரான சென்டர் ஹாப் வேலை. அவர் எங்கே போனாலும் இவர் பின்னாலேயே போவார்.

இங்கிலாந்தின் சென்டர் ஹாப் ஹாரி ஜான்ஸ்டன். அனுபவசாலி. ஹங்கேரியின் 9-ம் எண் நாண்டோர் ஹிடெக்குட்டி. ஜான்ஸ்டன் அவரைத் தேடினார். ஆள் முன்னால் இல்லை! எங்கே என்று பார்த்தால், நடுக்களத்தில் ஹாயாக நின்றுகொண்டிருக்கிறார்!

ஜான்ஸ்டன் என்ன செய்வார்? ஹிடெக்குட்டியைத் தொடர்ந்து நடுக்களத்துக்குப் போனால், கோலுக்கு முன்னால் பெரிய ஓட்டை விழும். அந்த ஓட்டையில் புஷ்காஷும் கோச்சிஷும் புகுந்துவிடுவார்கள். போகாமல் இருந்தால், ஹிடெக்குட்டி கேட்பாரின்றிப் பந்தை வாங்கி, திரும்பி, நிதானமாகப் பார்த்து, இஷ்டம்போல் கொடுப்பார். போனாலும் ஆபத்து. நின்றாலும் ஆபத்து. மனிதர் தவித்துப் போனார்.

அதே நடுக்களத்தில் யோசெஃப் போசிக் என்ற இன்னொரு சூரர் இருந்தார். ஹங்கேரியின் ரைட் ஹாப். அவரும் ஹிடெக்குட்டியும் சேர்ந்துகொள்ள, புஷ்காஷும் அடிக்கடி இறங்கிவர, அங்கே இங்கிலாந்துக்காரர்களின் எண்ணிக்கை எப்போதும் ஒன்று குறைவாகவே இருந்தது. கணக்கு அவ்வளவுதான். மூன்று பேருக்கு இரண்டு பேர் ஈடு கொடுக்க முடியாது.

ஆட்டம் ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஹிடெக்குட்டி தொலைவிலிருந்தே அடித்தார். கோல்! இடைவேளையின்போது ஹங்கேரி 4, இங்கிலாந்து 2. முடிவில் 6-3. ஹிடெக்குட்டி மட்டும் மூன்று கோல். கோலுக்குப் பக்கத்திலேயே நிற்காத மனிதர் மூன்று கோல் போட்டார்! போசிக் ஒன்று போட்டார். புஷ்காஷ் இரண்டு.

புஷ்காஷின் ஒரு கோலைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இங்கிலாந்துத் தலைவர் பில்லி ரைட் பாய்ந்து வந்தார். புஷ்காஷ் உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்தார். ரைட் வெற்றிடத்தில் சறுக்கிக்கொண்டு போனார். அடுத்த கணம் பந்து வலைக்குள்! பார்க்க அழகான காட்சிதான். நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தையைக் காட்ட அவருக்கு இடம் கிடைத்தது எப்படி? ஜான்ஸ்டனும் மற்றவர்களும் நடுக்களத்துக்காரர்களைப் பார்த்துத் திகைத்து நின்றதால்தானே!

இங்கிலாந்துக் கோஷ்டியில் ஸ்டான்லி மாத்யூஸ் இருந்தார். ஓரத்தில் பந்தை எடுத்துச் செல்வதில் அவருக்கு நிகர் உலகத்திலேயே அபூர்வம். அவரால் கோஷ்டியைக் காப்பாற்ற முடிந்ததா? இல்லை. பந்து வந்தால்தானே அவர் வித்தை காட்ட முடியும்? பந்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நடுக்களத்தில் மூழ்கிக் கொண்டிருந்தார்கள்.

இது திடீரென்று முளைத்த யோசனை அல்ல. புடாபெஸ்டில் எம்.டி.கே. என்ற கழகத்தின் பயிற்சியாளர் மார்ட்டன் புகோவி, சென்டர் பார்வர்டைப் பின்னால் இழுத்து ஆடவைத்துப் பார்த்திருந்தார். தேசியக் கோஷ்டியைப் பழக்கிய குஸ்தாவ் செபஸ் அதை எடுத்துக்கொண்டார். ஹிடெக்குட்டியே எம்.டி.கே. ஆட்டக்காரர்தான்.

ஆளை மாற்றினார்கள்

தோற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஆட்டக்காரர்களை மாற்றினார்கள்! ஜான்ஸ்டன் அதன் பிறகு இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை. ஆறு மாதம் கழித்து, 1954 மே 23-ந் தேதி புடாபெஸ்டில் மறுபடி பந்தயம். சென்டர் ஹாப் இடத்தில் சிட் ஓவன் என்ற புதியவர் நின்றார். முறை பழைய முறைதான். அவருக்கும் அதே தவிப்பு. ஹங்கேரி 7, இங்கிலாந்து 1.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று, தண்ணீர் ஊற்றுகிறவளை மாற்றியது போல் இருந்தது இது!

அப்படியானால் ஹங்கேரியை யாருமே வெல்லவில்லையா? வென்றார்கள். அதே ஆண்டு ஜூலை 4-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரில், உலகக் கோப்பை இறுதிப் பந்தயம். எதிரி மேற்கு ஜெர்மனி. அதே போட்டியின் முந்தைய சுற்றில் ஹங்கேரியிடம் 8-3 என்று அடிவாங்கிய கோஷ்டி. எட்டாவது நிமிஷத்திலேயே ஹங்கேரி 2-0 என்று முந்திவிட்டது. முடிவில் ஜெர்மனி 3-2 என்று ஜெயித்தது. நான்கு ஆண்டு தோல்வியே காணாத ஹங்கேரி, தோற்கக்கூடாத நாளில் தோற்றது.

அன்று மழை. புஷ்காஷுக்குக் காலில் காயம். இவையெல்லாம் காரணம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மானியர் ஹார்ஸ்ட் எக்கல் என்ற துடியான ஹாப் பேக்கை ஹிடெக்குட்டி மேல் ஏவிவிட்டார்கள். சென்டர் ஹாப் தன் இடத்தை விட்டு அசையவில்லை. எக்கல் நடுக்களத்தில் நிழல்போல் ஒட்டிக்கொண்டார். வெம்பிளியில் இங்கிலாந்துக்குத் தோன்றாத யோசனை இது.

பந்தை வைத்திருந்தால் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நடுக்களத்தைப் பிடிப்பது வேறு. சும்மா பந்தை உருட்டிக்கொண்டிருப்பது வேறு.

ஸ்பெயின் நாட்டுக் கோஷ்டியை எடுத்துக்கொள்வோம். 2010-ல் அவர்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். ஷாவி, இனியெஸ்டா என்ற இரண்டு சிறிய உருவங்கள் நடுக்களத்தை ஆண்டன. நெதர்லாந்துடன் நடந்த இறுதிப் பந்தயத்தில் 116-வது நிமிஷத்தில் இனியெஸ்டாதான் கோல் போட்டார். அதே ஸ்பெயின் 2018-ல் மாஸ்கோவில் ரஷ்யாவுடன் ஆடியது. ஒருவருக்கொருவர் ஆயிரம் தடவைக்கு மேல் பந்தைக் கொடுத்துக்கொண்டார்கள். ஆயிரம் தடவை! ரஷ்யர்கள் அசையாமல் தங்கள் கோல் முன்னால் கோட்டைபோல் நின்றார்கள். ஆட்டம் 1-1. பிறகு பெனால்டி உதையில் ஸ்பெயின் தோற்று ஊருக்குப் போனது.

நடுவில் பந்தை வாங்குகிறவன் தலையைத் தூக்கி முன்னே பார்க்க வேண்டும். எதிரியின் அணிவகுப்பில் இடுக்கு தெரிந்தால் உடனே அங்கே செருக வேண்டும். பக்கத்தில் இருப்பவனுக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் எதிரிக்கு என்ன நஷ்டம்? அவன் நின்ற இடத்திலேயே நின்று இளைப்பாறுவான்.

நம் பையன்கள்

பள்ளிக்கூட மைதானத்தில் சின்னப் பையன்கள் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பந்து எங்கே போகிறதோ, இருபது பேரும் அங்கே ஓடுவார்கள். வெல்லத்தை மொய்க்கும் ஈக்கள் மாதிரி! யாராவது ஒரு பையன் மட்டும் தள்ளி நின்று, பந்து அடுத்தபடி எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். "ஏண்டா சும்மா நிற்கிறாய், ஓடு!" என்று வாத்தியார் அவனை அதட்டுவார்.

அவனை அதட்டாதீர்கள், ஐயா! பதினொரு பேரில் ஆட்டத்தைப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவனாக இருக்கலாம்.

இதைப் பழக்கப் பெரிய செலவும் இல்லை. ஐந்து பேர் வட்டமாக நிற்கட்டும். நடுவில் இரண்டு பேர் நிற்கட்டும். வட்டத்தில் இருப்பவர்கள் பந்தை ஒருவருக்கொருவர் தள்ள வேண்டும். நடுவில் இருப்பவர்கள் பறிக்கப் பார்க்க வேண்டும். பறிகொடுத்தவன் நடுவுக்கு வரவேண்டும். பந்து காலுக்கு வருமுன்பே அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் தானாக வந்துவிடும். பெரிய பெரிய கழகங்களில் இன்றும் செய்கிற பயிற்சி இது. ஒரு பந்தும் கொஞ்சம் நிழலும் போதும்.

உயரமானவனைக் கோலுக்கு அனுப்பு, வேகமானவனை ஓரத்துக்கு அனுப்பு, மிச்சம் இருப்பவனை நடுவில் போடு என்று கோஷ்டி அமைக்கிறார்களே, அந்த வழக்கத்தைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்

வெம்பிளிக் கதையில் ஒரு பாக்கி உண்டு. இங்கிலாந்து போட்ட மூன்றாவது கோல் பெனால்டி உதை. அதை அடித்தவர் ரைட் பேக் ஆல்ஃப் ராம்சே. ஜான்ஸ்டனைப் போலவே அவருக்கும் இங்கிலாந்துக்காக ஆடிய கடைசிப் பந்தயம் அதுதான்.

ராம்சே பிற்பாடு இங்கிலாந்துக் கோஷ்டியின் மானேஜர் ஆனார். 1966-ல் உலகக் கோப்பை இங்கிலாந்திலேயே நடந்தது. முதல் மூன்று பந்தயங்களில் ஓரத்தில் ஓடும் விங்கர்கள் மூன்று பேரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அவருக்குத் திருப்தி இல்லை. கால் இறுதியிலிருந்து விங்கரே வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஸ்டைல்ஸ், பால், பாபி சார்ல்டன், பீட்டர்ஸ் என்று நான்கு பேரை நடுக்களத்தில் நிறுத்தினார். மாத்யூஸ் பிறந்த நாட்டில் விங்கர் இல்லாத கோஷ்டியா என்று பலர் முணுமுணுத்தார்கள்.

1966 ஜூலை 30. அதே வெம்பிளி. எதிரி மேற்கு ஜெர்மனி. அவர்களும் சும்மா இல்லை. சார்ல்டனைக் காவல் காக்க, இருபதே வயதான பெக்கன்பவரை விட்டிருந்தார்கள். இரண்டு சூரர்களும் ஒருவரை ஒருவர் கட்டிப்போட்டுக்கொண்டார்கள். ஆனால் மற்ற மூவரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பீட்டர்ஸ் ஒரு கோல் போட்டார். ஆட்டம் 2-2 என்று சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது. எல்லோருக்கும் கால் துவண்ட அந்த நேரத்தில், இங்கிலாந்துக் கோஷ்டியிலேயே இளையவரான 21 வயதுப் பால், வலது ஓரமாகப் பறந்து போய்ப் பந்தை உள்ளே தள்ளினார். ஹர்ஸ்ட் அடித்தார். பந்து மேல் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று இன்றும் சண்டை. நடுவர் கோல் என்றார். ஹர்ஸ்ட் இன்னொன்றும் போட்டார். இங்கிலாந்து 4, ஜெர்மனி 2.

விசில் ஊதியதும் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். ராம்சே மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.