பூங்காவில் நாய்க்கும் ஒரு மூலை!

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் கதை வேறு. அங்கே நாய்க்குக் குறைவில்லை. பெரிய பூங்காவுக்குத்தான் பஞ்சம்!

காரும் மோட்டார் சைக்கிளும் செல்போனும் செய்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற இடம் அது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். சுற்றிலும் வாடகை வீடுகள், அடுக்குமாடிகள். குடும்பம் வந்தால் நாயும் கூட வரும். அதை எங்கே கூட்டிப் போவது? ஏரிக்கரைக்கும், லாரி பறக்கிற ரோட்டுக்கும்தான்!

சரி, சென்னைக்குப் போனால்? பல பூங்கா வாசலில் "நாய்களுக்கு அனுமதி இல்லை" என்ற பலகை. வாட்ச்மேனிடம் சண்டை போட்டுப் பயனில்லை. காரணம் இருக்கிறது.

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. ஆயிரம்விளக்கு மாடல் ஸ்கூல் ரோடு மாநகராட்சிப் பூங்கா. 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்தப் பூங்கா காவலாளியின் மகள் அவள். காப்பாற்ற ஓடிய தாய்க்கும் காயம். நாய்களின் சொந்தக்காரர் கைதானார். கைது செய்தால் அந்தப் பிஞ்சு பட்ட வேதனை போய்விடுமா?

தப்பு நாய் மேல் இல்லை. அவிழ்த்து விட்ட கை மேல்!

அதன் பிறகுதான் சென்னை மாநகராட்சி விழித்தது. லைசென்ஸ், மைக்ரோசிப், கழுத்தில் கயிறு, வாய்க்கு மூடி என்று கெடுபிடி காட்டியது. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் அறிவித்தது. ஆனால் அது மாநகராட்சி எல்லையோடு சரி. ஒரகடம் இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். இங்கேயும் ஒரு குழந்தை கடிபட்ட பிறகுதான் விழிக்க வேண்டுமா?

ஐதராபாத்தைப் பாருங்கள். கொண்டாப்பூரில் குப்பை கொட்டிய 1.3 ஏக்கர் இடத்தை 2018-ல் நாய்களுக்கென்றே பூங்காவாக்கினார்கள். நாம் அவ்வளவு கூடக் கேட்கவில்லை. தொழிற்சாலைக்கு ஏக்கர் ஏக்கராக இடம் கொடுக்கும் சிப்காட், ஜனங்கள் உலாவ ஒரு நல்ல பூங்கா தரட்டும். அதில் ஒரு மூலையில் கம்பி வேலி போடட்டும். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்கும்படி இரண்டு கேட் இருந்தால் நாய் வெளியே பாயாது. குழந்தைகள் விளையாடும் இடம் தனியாக இருக்கட்டும்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வருஷா வருஷம் வெறிநோய் ஊசி போடுங்கள். கயிற்றைக் கையில் பிடியுங்கள். அசிங்கம் செய்தால் அள்ளிப் போடுங்கள். "எங்க நாய் கடிக்காதுங்க" என்ற பேச்சு வேண்டாம். கடித்து விட்டால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே ஊசி இலவசம். பச்சிலை, மஞ்சள் என்று உட்கார்ந்தால் உயிர் போகும்!

நைட் ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறவனுக்குப் பயமில்லாத ரோடு வேண்டும். குழந்தைக்குப் பயமில்லாத பூங்கா வேண்டும். நாய்க்கு ஒரு மூலை கொடுத்தால் இரண்டும் கிடைக்கும். அதிகாரிகள் கவனிப்பார்களா?