விமானிகளின் உறக்கத்துக்கு விலை பேசலாமா?

இந்தோனேசியாவின் கெண்டாரி நகரிலிருந்து தலைநகர் ஜகார்த்தாவை நோக்கி 2024 ஜனவரி 25 ஆம் திகதி புறப்பட்ட பட்டிக் எயார் நிறுவனத்தின் ஏ320 விமானமொன்றில் தலைமை விமானியும் துணை விமானியும் ஒரே நேரத்தில் உறங்கிப்போனார்கள். 153 பயணிகளையும் நான்கு பணியாளர்களையும் சுமந்துகொண்டு அந்த விமானம் 28 நிமிடங்கள் தானியங்கிக் கருவியின் பொறுப்பில் பறந்தது. ஜகார்த்தா கட்டுப்பாட்டு நிலையத்தினர் திரும்பத் திரும்ப அழைத்தும் பதில் இல்லை. தலைமை விமானி தற்செயலாகக் கண்விழித்தபோது அருகில் துணை விமானி உறக்கத்தில் இருந்தார். விமானமும் பாதையை விட்டு விலகியிருந்தது. நல்லவேளையாக அது பத்திரமாகத் தரையிறங்கியது.

துணை விமானிக்கு வயது 28. அவரது வீட்டில் பிறந்து ஒரு மாதமேயான இரட்டைக் குழந்தைகள். இரவில் பல தடவைகள் எழுந்து மனைவிக்கு உதவியிருக்கிறார். அதன் பின்னர் நள்ளிரவு கடந்து ஜகார்த்தாவிலிருந்து கெண்டாரிக்குப் பறந்து, அங்கிருந்து உடனடியாகத் திரும்பும் பணி அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. செய்தி வெளியானபோது சமூக ஊடகங்களில் அதை நகைச்சுவையாக்கி மகிழ்ந்தவர்களே அதிகம். தலைமை விமானி உறங்குவதற்கு முன்னர் துணை விமானியிடம் சொல்லிவிட்டே உறங்கினார் என்பதும், இடையில் விழித்தபோது நீ சற்று உறங்குகிறாயா என்று கேட்டார் என்பதும், துணை விமானி அதை மறுத்துவிட்டார் என்பதும் விசாரணையாளர்களின் அறிக்கையில் உண்டு. எவ்வளவு களைத்திருக்கிறோம் என்பது களைத்தவருக்கே தெரியாமற்போவதுதான் களைப்பின் இயல்பு. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டே விமானிகளின் வேலைநேரம் பற்றிய விவாதத்தை அணுகவேண்டும் என்பது எனது கருத்து.

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஊருக்கு வந்துபோகும் வாசகர்கள் நீண்டதூர விமானங்களையே அதிகம் அறிவார்கள். அவற்றில் மூன்று அல்லது நான்கு விமானிகள் இருப்பதுண்டு. முறைவைத்து ஓய்வெடுப்பதற்குப் படுக்கையும் இருக்கும். குறுந்தூர விமானத்தில் இரண்டே இரண்டு பேர்தான். மாற்று விமானியும் இல்லை, படுக்கையும் இல்லை. நீண்டதூர விமானி ஒரு மாதத்தில் சில தடவைகள் மாத்திரமே தரையிறங்குவார். குறுந்தூர விமானியோ ஒரே நாளில் நான்கு தடவைகள் மேலெழுந்து நான்கு தடவைகள் தரையிறங்க நேரலாம். விமானப் பயணத்தில் கவனம் மிகவும் தேவைப்படும் கட்டங்கள் இவை இரண்டுமே.

சென்னையைத் தளமாகக் கொண்ட ஒரு விமானியின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்கு முதல் விமானம் என்றால் ஐந்து மணிக்கு அவர் கடமைக்குச் சமுகமளிக்க வேண்டும். குளித்துச் சீருடை அணிந்து விமான நிலையத்துக்கு வந்துசேர்வதற்கு மூன்று மணிக்கோ அதற்கு முன்னரோ எழவேண்டும். பெங்களூருக்கு ஒரு மணித்தியாலப் பயணம். அங்கு பயணிகள் இறங்கி வேறு பயணிகள் ஏறும் அரை மணித்தியாலத்தில் அடுத்த பயணத்துக்கான எரிபொருள், காலநிலை, எடைக் கணக்குகள். பிறகு சென்னை, பிறகு கொழும்பு, பிறகு மீண்டும் சென்னை. எங்களது கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மாதத்தில் பல தடவைகள் வந்துபோகும் இந்திய விமானிகளில் எத்தனை பேர் அதன் வாயிலைக் கடந்து வெளியே வந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது இரவில் வீட்டில் உறங்கக் கிடைக்கும் வசதியான உத்தியோகம். நீண்டதூர விமானிகளுக்கு அந்த வசதி இல்லை என்பதும் உண்மையே. ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு எழவேண்டியவர் இரவு ஏழு மணிக்கே படுக்கைக்குச் சென்றால்தான் எட்டு மணித்தியாலங்கள் உறங்கலாம். பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டும் அயல்வீட்டில் தொலைக்காட்சி அலறிக்கொண்டும் இருக்கும் நேரத்தில் எந்த மனிதனால் அவ்வாறு உறங்க முடியும்? வாரத்தின் முற்பகுதியில் அதிகாலைப் பணியும் பிற்பகுதியில் நள்ளிரவுப் பணியும் கொடுக்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம்.

சட்டங்கள் எண்ணுவது மணித்தியாலங்களை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விமானி ஆண்டொன்றில் 900 மணித்தியாலங்களுக்கு மேல் பறக்கக்கூடாது. அந்த எண்ணைக் கேட்பவர்கள், வாரத்துக்கு இருபது மணித்தியாலம்கூட வரவில்லையே என்று வியப்பதுண்டு. 900 என்பது விமானம் தரிப்பிடத்தை விட்டு அசையத் தொடங்கியதிலிருந்து மறுபடி தரித்து நிற்கும் வரையான நேரம் மாத்திரம். தரையில் செலவாகும் நேரமெல்லாம் கடமைநேரம் என்ற வேறு கணக்கில் வரும். அதற்கு ஏழு நாட்களில் 60 மணித்தியாலம் என்பது உச்ச எல்லை. ஒரே நாளில் செய்யும் பயணங்களின் எண்ணிக்கை இரண்டைத் தாண்டும்போது அனுமதிக்கப்பட்ட கடமைநேரம் ஒவ்வொரு மேலதிகப் பயணத்துக்கும் அரை மணித்தியாலம் வீதம் குறைக்கப்படுகிறது. குறுந்தூரப் பறப்பின் சுமை வேறுவிதமானது என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

பத்திரிகைக் காரியாலயத்தில் பல ஆண்டுகள் இரவுக்கடமை செய்தவன் என்ற முறையில் நான் ஒன்றைச் சொல்வேன். அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு கண் எழுத்துக்களைப் பார்க்கும், மனம் வாசிக்காது. பகல் முழுவதும் உறங்கிவிட்டு வந்தாலும் அந்த நேரத்தை வெல்வது கடினம். நித்திரை பற்றி ஆராய்பவர்களும் அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட வேளையிலேயே மனித உடலின் விழிப்புநிலை மிகவும் தாழ்ந்திருக்கிறது என்கிறார்கள். செய்தித்தாளில் தவறு நேர்ந்தால் மறுநாள் திருத்தம் போடலாம்.

மங்களூரில் 2010 மே 22 ஆம் திகதி நடந்ததை இந்த வெளிச்சத்திலேயே பார்க்கவேண்டும். துபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணியளவில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து எரிந்ததில் 158 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர்கள் எட்டுப் பேர். முதல்நாள் இரவு மங்களூரிலிருந்து துபாய்க்கு அந்த விமானத்தைக் கொண்டுசென்ற அதே இரு விமானிகளே இரவோடிரவாகத் திருப்பிக் கொண்டுவந்தனர். விமானி அறையின் ஒலிப்பதிவில் ஒரு மணி 40 நிமிட நேரத்துக்குக் குறட்டை ஒலி பதிவாகியிருந்ததாக விசாரணை மன்றம் கண்டறிந்தது. உறக்கத்திலிருந்து எழுந்த தலைமை விமானியின் கணிப்புகள் பிழைத்தன. மீண்டும் மேலெழுந்து சுற்றிவருமாறு துணை விமானி மூன்று தடவைகள் கூறியும் அவர் செவிசாய்க்கவில்லை. இத்தனைக்கும் அவர் விடுமுறை கழித்து அண்மையில்தான் கடமைக்குத் திரும்பியிருந்தார். விதிகளின் கணக்கில் போதுமான ஓய்வு பெற்றவர். கணக்கில் இல்லாதிருந்தது நேரம்; இரவு எத்தனை மணிக்கு அவர் விழித்திருக்குமாறு கேட்கப்பட்டார் என்பது.

இந்தியாவில் விமானிகள் கடமைக்கு முன்னர் மூச்சுப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படுகிறார்கள். மது அருந்தியதற்கான அறிகுறி சிறிதளவு தெரிந்தாலும் விமானத்தில் ஏறமுடியாது. அதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. பதினேழு மணித்தியாலங்கள் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயலாற்றல், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று 1997 இல் நேச்சர் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று காட்டியது. பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்கான மதுசார எல்லையும் அதுவே. மதுவைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. உறக்கமின்மையைக் கண்டுபிடிக்க விமான நிலைய வாயிலில் கருவி இல்லை. விமானி தானாக வந்து எனக்கு இயலாது என்று சொல்லவேண்டும். பறக்கும் மணித்தியாலத்தோடு ஊதியம் பிணைக்கப்பட்டிருக்கும்போது, அடுத்த பதவியுயர்வு மேலாளரின் கையில் இருக்கும்போது, அதைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஆகவேதான் சட்டம் அவருக்குப் பதிலாக அதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்துப் பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட புதிய விதிகள் அதைத்தான் சொல்ல முனைந்தன. வாராந்த ஓய்வு 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆக உயர்த்தப்பட்டது. இரவு என்பது நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணிவரை என்றிருந்தது ஆறு மணிவரை நீட்டப்பட்டது. இரவுவேளைத் தரையிறக்கங்களின் எல்லை ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. நிறுவனங்கள் எதிர்த்தன, நடைமுறைப்படுத்தல் தள்ளிப்போனது. விமானிகளின் சங்கங்கள் டில்லி மேல்நீதிமன்றத்தை நாடிய பின்னரே 2025 ஜூலை முதலாம் திகதி ஒரு பகுதியும் நவம்பர் முதலாம் திகதி மீதிப் பகுதியும் நடைமுறைக்கு வந்தன. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருந்தது.

அடுத்து நடந்தது பலருக்கு நினைவிருக்கும். இந்திய உள்நாட்டுப் பயணிகளில் அறுபது சதவீதத்துக்கும் அதிகமானோரை ஏற்றிச்செல்லும் இன்டிகோ நிறுவனம் டிசெம்பர் முதல் வாரத்தில் நிலைகுலைந்தது. டிசெம்பர் 5 ஆம் திகதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான பயணங்கள் இரத்துச் செய்யப்பட்டன. விமான நிலையங்களில் பயணப்பொதிகள் மலைபோல் குவிந்துகிடந்த படங்களை உலகமே பார்த்தது. திருமணத்துக்குப் போகமுடியாதவர்கள், மரணவீட்டுக்குப் போகமுடியாதவர்கள், பரீட்சையைத் தவறவிட்டவர்கள் எனப் பலர். ஏனைய நிறுவனங்கள் கட்டணங்களைத் தாறுமாறாக உயர்த்தியதால் அரசாங்கம் உச்சவரம்பு விதிக்கவேண்டியதாயிற்று.

பயணிகளின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால், அந்தக் கோபத்தின் ஒரு பகுதி புதிய விதிகளின் மீது திருப்பிவிடப்பட்டதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. விமானிகளுக்கு ஓய்வு கொடுக்கப்போய் நாடே ஸ்தம்பித்துவிட்டது என்ற தொனியில் தொலைக்காட்சி விவாதங்கள் நடந்தன. அதே விதிகளின் கீழ் இயங்கிய ஏனைய நிறுவனங்கள் அவ்வாறு நிலைகுலையவில்லை. குளிர்கால அட்டவணையில் பயணங்களைக் கூட்டிய நிறுவனம் அதற்கேற்ப விமானிகளைச் சேர்த்திருக்கவில்லை. இறுதியில் என்ன நடந்தது? இரவுக்கடமை தொடர்பான விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பெப்ரவரி 10 வரை விலக்கு அளிக்கப்பட்டது. அதன் பயண அட்டவணையில் பத்து சதவீதத்தைக் குறைக்குமாறு அரசாங்கம் பின்னர் உத்தரவிட்டது உண்மை. அந்தக் குறைப்பை முதலிலேயே, விலக்குக்குப் பதிலாகச் செய்திருக்கவேண்டும். முன்கூட்டியே தயாரானவர்களுக்கு எந்தப் பரிசும் இல்லை, தயாராகாதவருக்குச் சலுகை. போதிய அளவுக்குப் பெரிதாக வளர்ந்துவிட்டால் பாதுகாப்பு விதியையும் தள்ளிவைக்கலாம் என்ற பாடத்தையே அது சந்தைக்குக் கற்பித்தது.

விமானிகள் கைநிறையச் சம்பளம் பெறுபவர்கள், அவர்களுக்கு எதற்கு இவ்வளவு பரிவு என்று கேட்கும் நண்பர்கள் எனக்குண்டு. எல்லோருக்கும் எப்போதும் அவ்வாறில்லை. அமெரிக்காவில் 2009 பெப்ரவரி 12 ஆம் திகதி இரவு பஃபலோ நகருக்கு அருகில் கோல்கன் எயார் விமானம் வீட்டொன்றின் மீது வீழ்ந்து 50 பேர் உயிரிழந்தனர். 24 வயதான துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டொலர். அவரது கடமைத்தளம் நியூயோர்க்கை அண்டிய நியூவார்க். அங்கு வாடகைக்கு வீடெடுக்க வசதியற்ற அவர், நாட்டின் மறுகோடியில் சியாட்டிலில் பெற்றோருடன் வசித்துவந்தார். கடமைக்கு வருவதற்காக முதல்நாள் இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் மாறிமாறிப் பயணம் செய்திருந்தார். புளோரிடாவில் வசித்த தலைமை விமானியும் விமான நிலையத்தின் பணியாளர் அறையிலேயே இரவைக் கழித்திருந்தார். விபத்துக்கான நேரடிக் காரணம் தலைமை விமானியின் தவறான கையாள்கை என்றே விசாரணை முடிவு செய்தது. களைப்பு இருவரதும் செயற்பாட்டைப் பாதித்திருக்கலாம், எந்தளவுக்கு என்று அறுதியிட முடியாது என்று அது கூறியது. களைப்பு சாட்சியம் விட்டுச்செல்வதில்லை. பலியானவர்களின் குடும்பங்கள் விடாது போராடியதன் பயனாக 2014 ஜனவரியில் அமெரிக்காவில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. கடமைக்கு முன்னர் பத்து மணித்தியால ஓய்வும், அதில் எட்டு மணித்தியாலம் உறங்குவதற்கான வாய்ப்பும் கட்டாயமாகின. சரக்கு விமானங்களின் விமானிகளுக்கு மாத்திரம் அது பொருந்தாது. அவர்களும் அதே வானத்தில்தான் பறக்கிறார்கள்.

ஒழுங்கான அட்டவணை சாத்தியமில்லை என்று நிறுவனங்கள் சொல்வதையும் நம்பவேண்டியதில்லை. செலவைக் குறைப்பதில் பெயர்பெற்ற ரயன்எயார் நிறுவனமே ஐந்து நாட்கள் வேலை, நான்கு நாட்கள் ஓய்வு என்ற நிலையான முறையைப் பின்பற்றியிருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீட்டில் இருப்போமா என்பதை ஒரு விமானியால் முன்கூட்டியே அறியமுடிவது சிறிய விடயமல்ல. அதே நிறுவனம் 2017 செப்டெம்பரில் விடுமுறைகளைத் திட்டமிடத் தவறியதால் ஆயிரக்கணக்கான பயணங்களை இரத்துச்செய்து, அந்த ஆண்டின் இறுதியில், அதுவரை ஏற்க மறுத்துவந்த தொழிற்சங்கங்களை முதன்முறையாக அங்கீகரிக்க நேர்ந்தது.

கூடுதல் விமானிகளைச் சேர்த்தால் கட்டணம் உயரும் என்பது உண்மையே. சென்னைக்கும் பலாலிக்கும் இடையில் பயணச்சீட்டு மலிவாகக் கிடைக்கவேண்டும் என்று விரும்புபவர்களில் நானும் ஒருவன். ஆனால் எந்தச் செலவை மிச்சப்படுத்தி அந்த மலிவு கிடைக்கிறது என்பதை அறியும் உரிமை பயணிக்கு உண்டு. விமானிகளின் களைப்பு முறைப்பாடுகள் பற்றி நிறுவனங்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை சமர்ப்பிக்கவேண்டும் என்கின்றன இந்தியாவின் புதிய விதிகள். அந்த அறிக்கைகள் அதிகாரிகளின் மேசையோடு நின்றுவிடாமல், எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, என்ன காரணத்துக்காக என்ற விபரங்களுடன் நிறுவனம் நிறுவனமாகப் பகிரங்கப்படுத்தப்படவேண்டும். விமானங்கள் எத்தனை சதவீதம் குறித்த நேரத்தில் புறப்பட்டன என்பதை மாதந்தோறும் வெளியிடும் அதே அதிகாரிகளுக்கு இது பெரிய சுமையாக இருக்கமுடியாது.