சங்கத்து நிரல் யார் கணக்கில் இருக்கிறது?

வெளிநாட்டில் தமிழ்ப் பள்ளி, சங்கம், கோயில் என்று எதை எடுத்தாலும், அதன் இணையதளத்தை வார இறுதியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர் நம்மில் ஒரு ஐடி ஆளாகத்தான் இருப்பார். அந்த நிரல் இப்போ எங்கே இருக்கு என்று கேட்டால், "கிட்ஹப்ல இருக்குங்க" என்பார்கள். யார் கணக்கில்? அங்கேதான் சிக்கல். பெரும்பாலும் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போய்விட்ட ஒருவரின் சொந்தக் கணக்கில்.

கிட்ஹப் மோசம் என்று சொல்ல வரவில்லை. நானும் தினமும் அதில்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் அது அடுத்தவர் வீடு. கூகுள் கோட் 2015-ல் அறிவித்து 2016 ஜனவரியில் கடையைச் சாத்தியது. மெர்க்குரியலுக்காகவே தொடங்கப்பட்ட பிட்பக்கெட், 2020-ல் மெர்க்குரியல் களஞ்சியங்களையே நீக்கியது. 2019-ல் அமெரிக்கத் தடைச் சட்டத்தால் ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் பிரைவேட் களஞ்சியங்களை கிட்ஹப் முடக்கியது. ஈரானியர்களுக்குத் திரும்பத் திறந்தது 2021-ல், அதுவும் அமெரிக்க அரசிடம் உரிமம் வாங்கிய பிறகு. அகதியாக வந்து குடியேறியவர்கள் நிறைந்த நம் சமூகத்துக்கு இது புரியாத கதையா என்ன?

கிட்டில் ஒரு நல்ல விஷயம், குளோன் செய்தால் முழு வரலாறும் நம் கணினிக்கு வந்துவிடும். அதனால் நிரல் தப்பிவிடும். தப்பாதது இஷ்யூஸ் பக்கத்தில் நடந்த பேச்சு. யுனிகோடில் 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் பிரித்து இரண்டாகவும் எழுதலாம். தேடும்போது இரண்டும் ஒன்று என்று மென்பொருளுக்குத் தெரியாவிட்டால் பாதி கிடைக்காது. இதை எப்படிச் சரிசெய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். குளோனில் அது வராது, தனியாக இறக்கி வைக்க வேண்டும்.

உடனே ஃபோர்ஜியோ, கிட்லேப் என்று சொந்த சர்வர் போடுங்கள் என்பவர்கள் உண்டு. பெர்லினில் கோட்பெர்க் அமைப்பு ஃபோர்ஜியோவில்தான் லாப நோக்கமின்றி ஓடுகிறது, அருமையாக. ஆனால் அப்டேட்டும் பேக்கப்பும் பார்க்க ஆள் இல்லாத சங்கத்துக்கு அது வீண் தலைவலி. களஞ்சியத்தை சங்கத்தின் பெயரில் ஆர்கனைசேஷன் கணக்குக்கு மாற்றி, குறைந்தது மூன்று பேரை ஓனராகப் போடுங்கள். மாதம் ஒருமுறை மிரர் குளோன் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அரை மணி நேர வேலைதான். பழைய ஆள் இன்னும் போனை எடுக்கும்போதே செய்துவிடுங்கள்.