புது ட்ரக்கில கறள்: "அது நோர்மல்" எண்டா போதுமா?

போன எபிசோட்டில பற்றரி, சொஃப்ட்வெயர் எண்டு வாகனத்தின்ர மூளையைப் பற்றித்தான் முழுக்கக் கதைச்சம். இந்தக் கிழமை கொஞ்சம் கீழ குனிஞ்சு பார்ப்பம்.

அப்பா ஸ்காபரோவில வீடு திருத்துற வேலை செய்யிறவர். இருபது வருஷமாப் பழைய வான்களோட மல்லுக்கட்டினவர், இந்த ஜனவரியிலதான் முதல் தரமா ஒரு புது பிக்கப் ட்ரக் எடுத்தார். ஏழு வருஷக் கடன். ரெண்டாம் நாள் கீழ உருண்டு போன ஒரு ஆணியை எடுக்கக் குனிஞ்சவர், எழும்பேக்க முகம் மாறிப்போச்சு.

"தம்பி, இது புதுசில்லை. கறள் பிடிச்சுக் கிடக்கு. ஏமாத்திப்போட்டாங்கள்."

நான் ரோர்ச் அடிச்சுப் பார்த்தன். பின் அக்சில், ட்ரைவ் ஷாஃப்ட், வெல்டிங் பிடிச்ச இடங்கள் எல்லாம் செம்மஞ்சள். "அது நோர்மல் அப்பா" எண்டிட்டு ஃபோனைப் பார்க்கத் தொடங்கினன். அடுத்த நாள் டீலரிட்டப் போனா, கவுண்டரில இருந்தவரும் தலையை நிமிர்த்தாமல் அதே சொல்லைத்தான் சொன்னார். அப்பதான் எனக்குச் சுட்டுது.

நோர்மல் எண்டது உண்மைதான். ட்ரக்கின்ர ஃபிரேமுக்குப் பெயின்டோ மெழுகோ பூசி அனுப்புவாங்கள். ஆனா அக்சில், ட்ரைவ் ஷாஃப்ட் போன்ற தடிச்ச பாகங்களில பூச்சு மெல்லிசு, சிலதில இல்லவே இல்லை. இரும்பு, ஈரம், ஒக்சிசன் மூண்டும் சேர்ந்தா கறள் வரத்தான் செய்யும். றோட்டில போடுற உப்பு ஈரத்தில கரைஞ்சா அந்த வேலை இன்னும் வேகமா நடக்கும். ஃபக்டரியில இருந்து வந்து, டீலரின்ர முற்றத்தில மாசக்கணக்கா மழையிலயும் ஸ்னோவிலயும் நிண்ட வாகனத்தில அது தெரியாட்டித்தான் அதிசயம். பிரேக் டிஸ்க்கில ஒரே இரவில வாற கறள், காலமை நாலு தரம் பிரேக் அடிக்கப் போயிடும்.

ஆனா எல்லாக் கறளும் ஒண்டில்லை. கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுப் பாருங்கோ. தூள் போய், கீழ வழுவழுப்பான இரும்பு தெரிஞ்சா அது மேற்பரப்புக் கறள். தகடு தகடாக் கழண்டாலோ, குழி விழுந்திருந்தாலோ, பிரேக் பைப்பிலயோ ஃபிரேமின்ர பொருத்துகளிலயோ இருந்தாலோ, படம் எடுத்து டீலரிட்ட எழுத்தில பதில் கேளுங்கோ. வாரண்டியை நம்பி இருக்கவும் ஏலாது. பெரும்பாலான கறள் வாரண்டிகள் பொடியில ஓட்டை விழுந்தாத்தான் கைகுடுக்கும். மேற்பரப்புக் கறளைக் கணக்கிலயே எடுக்காது.

ஃபிரேம் உண்மையாவே அரிச்சா என்ன நடக்கும் எண்டதுக்கு டொயோட்டாவின்ர கதை இருக்கு. 2016இல அமெரிக்காவில ஒரு கூட்டு வழக்கில, டகோமா, டண்ட்ரா, செக்கோயா எண்டு ஏறக்குறைய 1.5 மில்லியன் வாகனங்களைப் பரிசோதிச்சு, பழுதான ஃபிரேமை மாத்திக் குடுக்க அந்தக் கொம்பனி சம்மதிச்சது. செலவு 3.4 பில்லியன் டொலர் வரைக்கும் போகலாம் எண்டு கணக்குப் பார்த்தாங்கள். அப்ப, கறளைக் கண்டு பயப்படுறவர் விசரன் இல்லை.

எனக்குக் கோவம் வந்தது இன்னொரு இடத்தில. வாங்கிற அண்டு கையெழுத்து வைக்கிற அறையில, கறள் வராமல் தடுக்கும் எண்டு ஆயிரத்துச் சொச்சம் டொலருக்கு ஒரு எலக்ட்ரோனிக் பெட்டியை அப்பாவின்ர தலையில கட்டப் பார்த்தவங்கள். மின்சாரத்தால கறளைத் தடுக்கிற முறை கப்பலுக்கும் நிலத்துக்குக் கீழ போற குழாய்க்கும் சரி. அதுகளைச் சுத்தி எப்பவும் தண்ணியோ ஈர மண்ணோ இருக்கு, மின்சுற்று முழுமையாகும். காத்தில நிக்கிற ட்ரக்குக்கு அந்தச் சுற்று எங்கால வரும்? கறளைப் பற்றி அண்டைக்கு அரை மணித்தியாலம் கதைச்சவங்களுக்கு, கீழ ஏற்கெனவே இருந்த கறளைக் காட்ட ஒரு நிமிஷம் கிடைக்கேல்லை.

என்ர கருத்து இதுதான்: கையெழுத்துக்கு முதல் ட்ரக்கை ஹொயிஸ்டில தூக்கிக் காட்டவேணும். அஞ்சு நிமிஷ வேலை. காட்டாட்டி நாங்கள் கேக்கவேணும். அம்மா அப்பாவுக்குக் கடன் பத்திரம் வாசிச்சுச் சொல்லுறது இங்க எங்கட தலைமுறையின்ர வேலையாப் போச்சு. அதோட சேர்த்து வாகனத்துக்குக் கீழயும் குனிஞ்சு பாருங்கோ. "நோர்மல்" எண்டு சொல்லுறதெண்டா, ஏன் எண்டும் சொல்லுங்கோ.

நான் அண்டைக்குப் பின்னேரம்தான் அப்பாவுக்குப் பக்கத்தில படுத்து, பிரஷ்ஷால தேய்ச்சுக் காட்டினன். அவர் பருத்தித்துறையில கடற்காத்துக்குள்ள வளர்ந்தவர். சைக்கிளை மாசத்துக்கு ஒருக்கா எண்ணெய் பூசித் துடைச்ச கை. "அப்ப இதுக்கும் எண்ணெய்தானே?" எண்டார். ஓம், அதேதான். வருஷத்துக்கு ஒருக்கா எண்ணெய் ஸ்பிறே, குளிர் குறைஞ்ச நாளில கீழ்ப்பக்கம் கழுவிறது, அவ்வளவுதான். தார் மாதிரித் தடிப்பாப் பூசுறதை மட்டும் தவிருங்கோ. அது வெடிச்சா ஈரம் உள்ளுக்குள்ள மாட்டுப்பட்டிடும்.

ஸ்பிறே அடிச்சு ரெண்டு நாளா எண்ணெய் சொட்டினது. ட்ரைவ்வே பழுதாப் போச்சு எண்டு அம்மா இன்னும் ஏசுறா. நீங்கள் அடிக்கேக்க கீழ காட்போட் போடுங்கோ.