‘அடுத்த வாரம் வராதே’ என்கிறான் தம்பி!

கேள்வி: என் தம்பி ஒரு வழக்கில் ரிமாண்ட் ஆகி மூன்று வாரம் ஆகிறது. போன முறை மனு போட்டுப் பார்த்தபோது, ‘இனிமே யாரும் வராதீங்க. அம்மாவைப் பார்த்துக்கோ’ என்றான். ஏதாவது செய்துகொள்வானோ என்று பயமாக இருக்கிறது. உள்ளே இதையெல்லாம் கவனிப்பார்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானது, சகோதரி. ‘விரக்தியில் பேசுகிறான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறான மரணங்களில் தற்கொலைதான் அதிகம். அதனால், சிறையில் சேர்க்கும்போதே மனநலத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2023-ல் அறிவுறுத்தியது. முன்பு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதுண்டா, மனநோய் உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள்.

ஆனால், முதல் நாள் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னவரின் மனம், ஜாமீன் மனு தள்ளுபடியான அன்று அப்படியே இருக்காது. உள்ளே போன முதல் சில நாட்கள், தீர்ப்பு நாள், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வரும் நாள், தனி அறைக்கு மாற்றப்படும் நாள்... இப்போதெல்லாம் ஆபத்து கூடும். ஒருமுறை கேட்டால் போதாது. மறுபடி மறுபடி கேட்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் உதவி தேவை. வாய்தா தேதியும், வீட்டு நிலவரமும், அவருடைய பழைய சிகிச்சை விவரமும் உங்களுக்குத்தான் தெரியும். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, சிறைக் கண்காணிப்பாளரிடமும் சிறை மருத்துவரிடமும் இன்றே கொடுங்கள். மருந்துச் சீட்டு இருந்தால் நகலை இணையுங்கள். மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் மூலம் நீதிமன்றத்துக்கும் தெரிவிக்கலாம். வக்கீல் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும்.

அடுத்த முறை பார்க்கும்போது நேரடியாகவே கேளுங்கள்: ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஆளில்லாமல் தவிப்பவருக்கு அது ஆறுதல்தான். ‘ஆமாம்’ என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். அங்கேயே அதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

முக்கியமாக, அவர் ‘வராதே’ என்றாலும் போங்கள். அடுத்து என்றைக்கு வருவீர்கள் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள். காத்திருக்க ஒரு நாள் இருப்பது அவருக்குப் பெரிய பிடிமானம்.

உங்களுக்கும் மனம் தாங்காவிட்டால் 14416 அல்லது 104 எண்ணில் பேசுங்கள். எந்த நேரமும் பேசலாம்.