உழைப்பு இங்கே, முகவரி எங்கே?



ஆந்திர அரசு 2025 ஆகஸ்ட் 15-ல் 'ஸ்த்ரீ சக்தி' திட்டத்தைத் தொடங்கியது. பல்லெ வெலுகு முதல் எக்ஸ்பிரஸ் வரை பெண்களுக்கு பஸ் பயணம் இலவசம். நல்ல திட்டம், வரவேற்கிறோம்.

ஆனால் ஆந்திர முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பிழைப்புக்காக சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்த நம்மில் பலரது ஆதாரில் இன்னும் சொந்த ஊர் முகவரிதான். மாற்றினால் ஊர் ரேஷன் போய்விடுமோ என்று பயம். ஆகவே கூலிக்காரன் மகள் கல்லூரிக்குக் காசு கொடுத்துப் போகிறாள். மாநிலம் தாண்டும் பஸ்ஸிலோ இந்தச் சலுகையே இல்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய டவுன் பஸ் இலவசப் பயணத்துக்கு முகவரி கேட்பதில்லை. இங்கே மட்டும் ஏன்? நாம் வாங்கும் சோப்புக்கு வரி வசூலிக்கும்போது யாராவது முகவரி கேட்டார்களா?

ரயிலில் இந்த வேலி இல்லை. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கும், 12-ஆம் வகுப்பு வரை மாணவர்களுக்கும், வீட்டிலிருந்து படிக்கும் இடத்துக்கு இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி என்று ஒரே தடம்; எல்லை குறுக்கிடாது. தலைமையாசிரியர் அல்லது பிரின்சிபாலிடம் சான்றிதழ் வாங்கி ஸ்டேஷனில் கொடுங்கள். கவுண்டருக்கு வந்து இதைக் கேட்கும் நம்மவர் மிகக் குறைவு. கேட்காத உரிமை கிடைக்காது.

பஸ்ஸுக்கும் அதையே கோருவோம்: படிக்கும் பெண்ணுக்குக் கல்லூரி அட்டையே அத்தாட்சியாகட்டும்! கிளைதோறும் கையெழுத்து வாங்குங்கள். சித்தூர், திருப்பதி இரு கலெக்டர்களிடமும் மனு கொடுப்போம். இது பிச்சையல்ல, உழைத்தவன் கேட்கும் பங்கு!