பதினொன்று இருபதுக்கு உச்சிவெயில்

போர்ட் பிளேரில், இன்றைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்தில், சூரியன் உச்சிக்கு வரும்போது பள்ளிக்கூடக் கடிகாரம் பன்னிரண்டு காட்டாது. பதினொன்று இருபதை ஒட்டித்தான் காட்டும். மாதத்துக்கு மாதம் கால் மணி வரை முன்பின் ஆகும். நாட்டுக்கெல்லாம் பொதுவான நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் இருப்பதோ 92.7 பாகையில். பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம். பத்துப் பாகைக்கு நாற்பது நிமிடம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டே போட்டுவிடும் கணக்கு இது.

அந்தப் பிள்ளைக்குக் கோணத்தை நாம் எப்படி அறிமுகம் செய்கிறோம்? கரும்பலகையில் இரண்டு கோடு, அவை சந்திக்கும் முனையில் சின்ன வளைவு, பக்கத்தில் 40 என்று ஓர் எண். பிள்ளை அதை ஒரு படமாக மனதில் வைத்துக்கொள்கிறது. எதுவோ ஒன்று எவ்வளவு திரும்பியது என்பதன் அளவுதான் கோணம் என்பது பல பேருக்குப் பள்ளியை விட்டு வரும்வரை தெரிவதே இல்லை. தலைக்கு மேலே தினமும் திரும்புகிற வெயிலையும், காலடியில் அதோடு சேர்ந்து திரும்புகிற நிழலையும் வைத்துக்கொண்டு, ஜாமெட்ரி பாக்ஸைத் திறப்பதிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறோம்.

புள்ளி, கோடு, கோட்டுத்துண்டு, கதிர் என்ற வரிசையும் எனக்கு உறுத்தல்தான். நீளமும் அகலமும் இல்லாத புள்ளி என்பது பெரியவர்களே நின்று யோசிக்க வேண்டிய கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கிண்டர்கார்ட்டனைத் தொடங்கிய ஃபிரோபெல், பிள்ளைகள் கையில் முதலில் பந்தையும் மரக்கட்டையில் செய்த கோளம், உருளை, கனசதுரத்தையும்தான் கொடுத்தார். பரப்பும் கோடும் பின்னால் வந்தன. 1957இல் நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதியர், பள்ளிப் பிள்ளைகளின் வடிவியல் அறிவு படிப்படியாக வளர்வதைத் தங்கள் ஆய்வுகளில் விளக்கினார்கள். முதற்படியில் பிள்ளை தோற்றத்தைப் பார்த்துத்தான் வடிவத்தை அடையாளம் காணும். பக்கம், கோணம் என்ற பண்புகள் அடுத்த படியில்தான் பிடிபடும். ஒரு சதுரத்தைச் சாய்த்து நிறுத்துங்கள், சின்னப் பிள்ளை ‘டைமண்ட்’ என்று சொல்லும். அதைத் தப்பு என்று அடித்துவிட்டு வரையறையை ஒப்பிக்கச் சொன்னால், ஆசிரியர் ஒரு படியிலும் பிள்ளை இன்னொரு படியிலும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அட்டையில் சதுரம் வெட்டிக் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். அரை நிமிடத்தில் அதுவே கண்டுபிடித்துவிடும்.

என் விருப்பம், முதல் வடிவியல் வகுப்பு மைதானத்தில் நடக்க வேண்டும். தேவைப்படுவது ஒரு மீட்டர் குச்சி, கயிறு, ஒரு முளை, மேஸ்திரியிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டு. முளையில் கயிற்றைக் கட்டி மறுமுனையைப் பிள்ளையிடம் கொடுத்து, இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றி நடக்கச் சொல்லுங்கள். கயிறு தளர்ந்த இடத்தில் வட்டம் உள்ளே ஒடுங்கிவிடும். வட்டத்தின் எல்லாப் புள்ளியும் நடுவிலிருந்து ஒரே தூரம் என்பதை அந்தப் பிள்ளையின் கை ஒருபோதும் மறக்காது. பிறகு நடுவில் குச்சியை நட்டு, அது நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க வேண்டும். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல். மதியம் மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு கல். இரண்டையும் கயிற்றால் இணைத்தால் கிழக்கு மேற்கு. காலை ஒன்பது இருபதுக்குத் தொட்ட நிழல் மதியம் ஒன்று இருபதையொட்டித் திரும்பத் தொடும். ஏன் அப்படி என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பாடம் நடந்தாகிவிட்டது.

இது இறக்குமதிச் சரக்கல்ல. சுல்ப சூத்திரங்கள் கயிற்றை வைத்தே வடிவியல் பேசுகின்றன. சங்க நூலான நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள்: இரண்டு கோல் நட்டு, எந்தப் பக்கமும் நிழல் சாயாத நடுப்பகல் பார்த்து, நூல் தெரிந்தவர்கள் நுட்பமாகக் கயிறு போடுகிறார்கள்.

கோணத்துக்கு இந்த ஊரில் இன்னொரு பெரிய பாடம் நிற்கிறது. செல்லுலார் சிறையை 1896 முதல் 1906 வரை கட்டினார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து பிரிந்த ஏழு சிறகுகள். இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. ஏழையும் காட்டும் மாதிரி உள்ளேயே இருக்கிறது. கோணத்தின் கைகள் நீண்டால் கோணமும் பெரிதாகும் என்று நம்பாத பிள்ளை குறைவு. இங்கே சிறகுகள் ஒன்றுபோல் நீளமில்லை. குட்டைச் சிறகை நீட்டிக் கட்டியிருந்தாலும் பக்கத்துச் சிறகோடு அது வைத்திருக்கும் கோணம் மாறியிராது. சுற்றிலும் 360 பாகையை ஏழு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் மீதி விழும் என்பதையும் போட்டுப் பார்க்கட்டும். மாதிரியில் இடைவெளிகள் உண்மையிலேயே சமமா என்று பாகைமானி வைத்து அளக்கட்டும். கோபுரத்தில் நிற்கும் ஒருவனுக்கு ஏழு திசையும் கண்ணுக்குள் வரும்படியும், ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படியும் ஏன் அமைத்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட கோடுகள் அவை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

மே மூன்றாம் வாரத்தையொட்டி மழை பிடித்துவிடும் என்பதால் நிழல் பாடத்துக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். அதிலும் ஏப்ரல் நமக்கென்றே வாய்த்த மாதம். நிழலில்லா நடுப்பகல் ஏப்ரல் 8 வாக்கில் கேம்ப்பெல் பே, 13 வாக்கில் கார் நிக்கோபார், 20 வாக்கில் ஸ்ரீ விஜயபுரம், 25 வாக்கில் டிக்லிப்பூர் என்று தெற்கிலிருந்து வடக்கே தீவு தீவாக ஏறி வரும்.

கேம்ப்பெல் பே பள்ளி ஒன்றும் டிக்லிப்பூர் பள்ளி ஒன்றும் தொலைபேசியில் பேசி ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். கேம்ப்பெல் பேயில் நிழல் மறையும் அதே நாள் நடுப்பகலில் டிக்லிப்பூரின் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். வெயிலின் சாய்வு ஆறேகால் பாகை. தெற்கு வடக்காக இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 690 கிலோமீட்டர். ஆறேகால் பாகைக்கு 690 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெருக்கிப் பார்க்கட்டும். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.